மண்டிக்கடை மதிப்பீட்டாளர்

விருதுநகர் பஜாரில் காமிக்ஸ் அண்ணாச்சி என்றொரு இனம் உண்டு. பகலில் வத்தல், மல்லி கமிஷன் மண்டி. பொழுது சாய்ந்தால் பழைய லயன், முத்து இதழ்களுக்கு விலை மதிப்பீடு. வத்தலோ புத்தகமோ, கைக்கு வந்ததும் முதலில் மோந்து பார்ப்பார்.

"பரண்ல கிடந்ததா தம்பி? எலி வாடை அடிக்குது. பாதி விலை போச்சு."

வந்திருப்பது எண்பதுகளின் லக்கி லூக் சிரிப்புக் கதை. டால்டன் சகோதரர்கள் எப்படி ஜெயிலை உடைத்தார்கள் என்பதெல்லாம் அண்ணாச்சிக்குத் தேவையில்லை. அவர் கண் பின்னில் இருக்கும். துரு ஏறியிருக்கிறதா? ஏறிய துரு தாளைத் தின்றுவிட்டதா? அடுத்து நடுப்பக்கம். பின் தளர்ந்தால் முதலில் ஓடிப்போவது அதுதான். பிறகு, லூக்குக்கு எந்தப் பொடியனாவது மீசை வரைந்திருக்கிறானா என்ற சோதனை. நாலைந்து இதழைச் சேர்த்து பைண்டிங் போட்டு, ஓரத்தை கட்டிங் மிஷினில் கொடுத்தவர்களை அவர் மன்னித்ததே இல்லை. 'ஐயோ' என்று அலறுகிறவன் வெறும் 'ஐ'யோடு நிற்பான்.

செல்லோ டேப்பைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அதில் நியாயம் இருக்கிறது. டேப்பின் பசை நாளடைவில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், பிரிக்கவே வராது. நியூஸ்பிரின்ட் தாளில் உள்ள லிக்னின், வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளிக்கும். அமிலம் ஏறித் தொட்ட இடம் நொறுங்கும். ஆகவே பாலியஸ்டர் உறை, முதுகுக்கு அமிலமில்லாத அட்டை, இருட்டு பீரோ. விருதுநகர் வெயிலில் நிழலில் வாழும் பாக்கியம் அந்தப் புத்தகங்களுக்குத்தான். "என் பட்டுச்சேலை கொடியில தொங்குது" என்று அம்மணி சொல்வது அவர் காதில் விழாது.

படிக்கக் கேட்கும் பேரனுக்குக் கலர் மறுபதிப்பு வாங்கித் தருவார், அதுவும் முகம் சுண்டித்தான். மறுபதிப்பு வந்தால் பழசின் விலை இறங்குமே!

அவருடைய தீராத மனக்குறை சிவகாசி மேல். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் பிறந்தது அங்கே. 1984-இல் லயன் வந்ததும் அங்கேதான். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் பழைய இதழுக்கு சென்னைக்காரர்களிடமும் பெங்களூர்க்காரர்களிடமும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஏனென்று அண்ணாச்சியே துப்பறிந்துவிட்டார்: பழைய பேப்பர் எடைக்குப் போகிறது, எடைக்குப் போனது வெடி சுற்றப் போகிறது.

"மாயாவிய சுருட்டி வெடிச்சிட்டானுங்க தம்பி!"

தீபாவளியன்று வாசல் குப்பையை யாரும் கூட்டக் கூடாது. அண்ணாச்சி குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிப் பார்ப்பார். போன வருஷம் அகப்பட்டது ஏதோ பள்ளிப் பிள்ளையின் கணக்கு விடைத்தாள். இரண்டு பக்கமும் திருப்பினார். மார்க் போட்ட இடத்தைக் காணோம்.

"செட்டு முழுசா இல்ல" என்று கீழே போட்டுவிட்டார்.