பிராசசருக்கு ஸ்டார் கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடைக்காரன், மணிக்கூண்டு பக்கம், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்: தலைமை இயக்குநர் அவர்கள், பி.இ.இ. என்னும் எரிசக்தித் திறன் பணியகம், புதுதில்லி.

ஐயா,

ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டினீர்கள், ஏசிக்கு ஒட்டினீர்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனும் ஸ்டார் இல்லாமல் விற்பனைக்கு வர முடியாது. அந்தப் பழக்கத்தில் என் வாடிக்கையாளர்களும் பிராசசர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எவ்ளோ கரண்டு இழுக்கும்ணா?" என்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு பில் அதிர்ச்சி எங்களுக்கு மாதாமாதம். கேட்கத்தானே செய்வார்கள்?

இன்டெல் ஐ9-13900கே விவரத்தாளில் 125 வாட் என்றிருக்கிறது. அதே தாளில் 253 என்றும் இருக்கிறது. நிதானமாக ஓடினால் முன்னது, முடுக்கினால் பின்னது. ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸுக்கு 170 வாட். ஆனால் 230 வரை இழுக்க அனுமதி உண்டு. 170 என்பது கூலர் வாங்குகிறவருக்குச் சொன்ன வெப்பக் கணக்காம். பில் கட்டுகிறவர் அதை ஏன் படித்தார் என்பது அவர் பாடு.

நாமே அளந்துவிடலாம் என்றால், எங்கே அளப்பது? சுவர் பிளக்கில் மீட்டர் மாட்டினால் எஸ்எம்பிஎஸ், ராம், ஃபேன் எல்லாம் தின்றது பிராசசர் தலையில் விழுகிறது. மதர்போர்டுக்குப் போகும் 12 வோல்ட் ஒயரில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வவிட்டால், நடுவில் வோல்டேஜை இறக்கித் தரும் சர்க்யூட்டின் கமிஷனும் சேர்ந்தே வரும். அதைத் தாண்டிக் கவ்வ ஒயரே கிடையாது.

மிஞ்சுவது பிராசசரின் வாக்குமூலம்தான். 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜிலிருந்து இன்டெல் சிப்புகள் தங்கள் செலவைத் தாங்களே எழுதிவைக்கின்றன. ஆரம்பத்தில் அது அளந்த கணக்கே அல்ல. நடக்கிற வேலையைப் பார்த்துப் போட்ட மதிப்பீடு. ரைசன் பக்கம் இன்னும் விசேஷம். சில மதர்போர்டுகள் கரண்டைக் குறைத்துச் சொல்லிச் சிப்பையே ஏமாற்றுவது 2020-ல் தெரியவந்தது. கொஞ்சமாகத்தான் குடிக்கிறோம் என்று நம்பிய சிப், இன்னும் கொஞ்சம் குடித்தது.

அதே ஆண்டு நவம்பரில், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் இன்டெல் சிப்பின் அந்த வாக்குமூலத்தைக் கவனித்தே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ரகசியச் சாவிகளை உருவிக் காட்டினார்கள். உடனே லினக்ஸில் அந்த எண்ணைச் சாதாரண ஆள் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். பில்லுக்கு உதவாத எண், திருடனுக்கு உதவும் அளவுக்குத் துல்லியம்! இப்போது என் சொந்தக் கம்ப்யூட்டரே என்னிடம் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது.

எனவே தாங்கள் ஓர் அதிகாரியை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். மீட்டர் கடையிலேயே இருக்கிறது. அதை எங்கே மாட்டுவது என்பதை மட்டும் அவர் எழுத்துமூலம் கொண்டுவரட்டும்.