காப்பி வெண்பா

குறள் வெண்பா இரண்டடியில் முடிந்துவிடும். முதலடிக்கு நாலு சீர், ஈற்றடிக்கு மூன்று. வீடு சிறியது, காவலோ பலம். இயற்சீர் வெண்டளையும் வெண்சீர் வெண்டளையும் தவிர வேறெந்தத் தளையும் வாசற்படி தாண்டக் கூடாது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக இருந்தாக வேண்டும். பழம்புலவர்களைத் தொந்தரவு செய்யாமல், புதிதாகக் கட்டிய ஒன்றை அலகிட்டுப் பார்க்கலாம்:

காப்பி குடித்துக் கவிபாட உட்கார்ந்தால்
கூப்பிடும் வீட்டார் குரல்.

தேமா, புளிமா, புளிமாங்காய், தேமாங்காய், கூவிளம், தேமா, மலர். மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின்னும் நேர். ஆறு தளையும் சுத்தம்.

சிக்கல் தனித்தமிழ் அன்பரால் வரும். 'உட்கார்ந்தால்' கொச்சையாக ஒலிக்கிறது, 'அமர்ந்தால்' என்று திருத்துங்கள் என்பார். திருத்தினால் 'கவிபாட' என்ற காயை அடுத்து நிரை வந்து கலித்தளை நுழைகிறது. 'அமர்ந்தால்' என்ற மாவை அடுத்து 'கூப்' என்ற நேர் வர, ஆசிரியத்தளையும் கூடவே வருகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு குற்றம். 'காப்பி'யைக் 'குளம்பி' ஆக்கினால் தளை கெடாது; 'கூப்பிடு'மோடு இருந்த எதுகைதான் போய்விடும். இரண்டாம் எழுத்தான 'ப்' மட்டுமன்றி மூன்றாம் எழுத்தான 'பி'யும் ஒத்துவந்த எதுகை அது. இப்படி ஒன்று அமைவதே அபூர்வம்; பானத்தின் தூய்மைக்காக அதைப் பலி கொடுப்பது அநியாயம்.

கூப்பிட்டது யார் என்று வாசகர் கேட்கக்கூடும். 'வீட்டார்' இருக்கும் இடத்தில் 'மனைவி' என்று வைத்தால் விளத்தின் பின் நிரை வந்து தளை தட்டும். 'மாமியார்' உள்ளே வருவார். ஆனால் அவருக்குப் பின் 'குரல்' வர முடியாது. 'மாமி' என்றால் இலக்கணம் தடுக்காது. புலவர் தம் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். இல்லறத்துக்கு யாப்பு செய்யும் இந்த உதவியைக் யாப்பருங்கலக் காரிகை எழுதிய அமிதசாகரர் எங்கும் பாராட்டிக்கொள்ளவில்லை.

மோனை இரண்டடியிலும் முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் இடையே விழுகிறது: கா–க, கூ–கு. ஈரடிக்கும் ஒரே எதுகை என்பதால் இது ஒரு விகற்பக் குறள் வெண்பா. இருவகை வெண்டளையும் கலந்து வருவதால் ஓசை ஒழுகிசைச் செப்பல். இது பாட்டின் ஓசைதான். கூப்பிட்ட குரலுக்கு இலக்கணத்தில் பெயர் கிடையாது.