செம்மேட்டில் நிற்கும் இடம் தெரிய சில யோசனைகள்

கொல்லிமலையில் ஏற காரவள்ளி அடிவாரத்திலிருந்து செம்மேடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். இது எத்தனையாவது வளைவு என்று வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைப் படிக்காதீர்கள். காசு செலவில்லாமல் இடம் தெரிந்துவிட்டால் பைக்குள் இருக்கும் கருவிக்கு என்ன வேலை?

கருவி பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஈஎஸ்பி32 பலகை, நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல், நாலு வயர், பவர் பேங்க். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். மாட்யூலின் டிஎக்ஸை (அனுப்பும் முனை) ஈஎஸ்பி32 பலகையின் ஆர்எக்ஸில் (வாங்கும் முனை) செருக வேண்டும். டிஎக்ஸுக்கு டிஎக்ஸ் என்று ஒழுங்காகக் கோத்தால் ஒரு எழுத்தும் வராது. செயற்கைக்கோள்கள் பிடிபட்டதும் மாட்யூலில் ஒரு குட்டி விளக்கு நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். சிமிட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அதற்கு நல்ல இடம் பேருந்தின் நடு இருக்கை. மேலே தகரக் கூரை, ஒரு பக்கம் மலைச்சுவர். திறந்த வெளியில் அரை நிமிடத்தில் முடிகிற காரியத்தை இங்கே சோளக்காடு நிறுத்தம் வரைக்கும் இழுக்கலாம்.

இழுப்பதற்குக் காரணமும் உண்டு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் பாதையையும் நொடிக்கு 50 பிட் என்ற நிதானத்தில் சொல்லிக்கொண்டே போகிறது. நடுவில் மரமோ பாறையோ மறைத்தால் விட்டதை மறுபடி கேட்க வேண்டும். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தை வீழ்த்தினான் என்கிறார்கள். அவன் ஊரில் ஒரே ஒரு ஆளின் இடத்தைக் குறிக்க நாலு செயற்கைக்கோளாவது வேண்டியிருக்கிறது.

ஜிபிஎஸ் இழுத்தடித்தால், செம்மேட்டில் இறங்கி ஓரி சிலைக்கு எதிரே நின்றுகொண்டு, இது எந்த இடம் என்று வைஃபையிடம் கேளுங்கள். அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் நொடிக்குப் பத்து முறை தங்கள் அடையாள எண்ணைக் கூவிக்கொண்டிருக்கும். கடவுச்சொல் வேண்டாம், காது கொடுத்தால் போதும். அந்த எண்களையும் சிக்னல் பலத்தையும் ஈஎஸ்பி32 ஒரு சர்வருக்கு அனுப்பும். இந்த எண்களை யாராவது முன்பே ஜிபிஎஸ்ஸோடு சேர்த்துப் பதிந்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை திரும்பி வரும். 50 மீட்டர் வட்டத்துக்குள் என்று வந்தால் மகிழுங்கள். மலைப்பாதையில் அந்த வட்டத்துக்குள் மேல் வளைவும் கீழ் வளைவும் சேர்ந்தே அடங்கும்.

அனுப்புவதற்கு இணையம் வேண்டும். சிக்னல் இல்லாத சரிவில்தான் வழி தொலையும் என்ற அற்ப விஷயத்தைப் பெரிதுபடுத்தாதீர்கள். நாமக்கல்லில் ஓடிய பழைய ரௌட்டரை யாராவது மலைக்குத் தூக்கி வந்து மாட்டியிருந்தால், சர்வரின் பட்டியலில் அது இன்னும் நாமக்கல்லில்தான் இருக்கும். நீங்களும் அங்கேதான் நிற்பீர்கள். ஒன்றுமே அகப்படாதபோது சில சேவைகள் ஐபி முகவரியை வைத்து ஊகிக்கும். சென்னை என்று வந்தால் ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குவதை ஒத்திப்போடுங்கள்.

இந்தப் பட்டியல் யாருடையது என்று கேட்கவே கூடாது. கூகுளும் ஆப்பிளும் நம் சட்டைப்பையில் இருக்கும் போன்களைக் கொண்டே தங்கள் பட்டியலைத் திரட்டின. அது அவர்கள் சொத்து. பொதுவுக்கென்று மோசில்லா 2013இல் ஒன்றைத் தொடங்கியது. ஆர்வலர்கள் தெருத்தெருவாக நடந்து பதிந்து கொடுத்தார்கள். 2019இல் ஸ்கைஹுக் நிறுவனம் காப்புரிமையைக் காட்டி வந்தது. சமரசத்துக்குப் பிறகு சேவை மெலிந்தது, 2024இல் மூடியே விட்டார்கள். அந்த இடத்தை நிரப்பப் பீக்கன்டிபி என்ற தன்னார்வ முயற்சி வந்திருக்கிறது. எல்லாரும் பயன்படுத்தலாம், யாராவது பதிந்தால்.

சிக்கல் அந்த 'யாராவது'தான். திறந்த பட்டியலில் ஒரு மலை வெறுமையாக இருந்தால் அங்கே வைஃபை இல்லை என்று பொருளல்ல, பதிகிற ஆள் ஏறவில்லை என்று பொருள். நீங்கள் ஏறினாலும் பதியாதீர்கள். இறங்கிய பிறகு திறந்த மென்பொருள் எதற்கும் உதவாது என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். மிகவும் அவசரமென்றால் டீக்கடையில் கேட்கலாம். "இது எந்த எடம்ணா?" என்றால், "நீங்க எங்க போவணும்?" என்பார். எந்த சர்வரும் கேட்காத கேள்வி.

கேலி போதும். பதிவது சுலபம்: ஆண்ட்ராய்டு போனில் நியோஸ்டம்ப்ளர் செயலியைப் போட்டு, ஜிபிஎஸ்ஸைத் திறந்து, ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதுவே குறித்துக்கொள்ளும். தன் வீட்டு ரௌட்டர் இதில் வர வேண்டாம் என்பவர் வைஃபை பெயரின் கடைசியில் அடிக்கோடும் 'நோமேப்' என்ற ஆங்கில எழுத்துகளும் சேர்த்தால் விட்டுவிடுவார்கள். அடுத்த முறை முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுகிறவர்கள் அந்தப் பாதையையும் பதிந்து வையுங்கள்.