வந்தியத்தேவன் காத்துக் கெடப்பான்

வா தாயி, உக்காரு. கையில என்ன, பிள்ளை வளக்குற புஸ்தகமா? நல்லாப் படி. நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள அவன் தானா வளந்துருவான்.

ரெண்டு மணிக்கொருக்க பால் குடுக்கணும்னு அதுல போட்டிருக்குங்கே. உம் மகன் அந்தப் பக்கத்தை இன்னும் வாசிக்கலை போல, அரை மணிக்கொருக்க கத்துதான். உம் புருசனையும் வாசிக்கச் சொல்லு. பிள்ளை அழுத சத்தம் கேட்டா அவனுக்கு மட்டும் எப்பிடித்தான் அப்பிடி உறக்கம் வருதோ!

புஸ்தகத்தைப் பழிக்கேன்னு நெனைக்காத. சீம்பாலைப் பீச்சிக் கீழ ஊத்திட்டு, சீனித் தண்ணியைத் தொட்டுப் பிள்ளை வாயில வச்ச ஊருதான் இது. மொதப் பாலை விடாத, ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் போதும், தண்ணிகூட வேண்டாம்னு நர்சம்மா சொன்னப்ப கிழவிக அம்புட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கிட்டாளுக. அதுல புஸ்தகந்தான் செயிச்சது. ஆனா ஐப்பசி அடைமழையில பீத்துணி எப்பிடிக் காயும்னு ஒரு வரி எழுதியிருக்கானா, பாத்துச் சொல்லு. கொடியில மூணு நாளாத் தொங்கி முடைநாத்தம் அடிக்கி. நான்தான் தணல் மேல கூடையைக் கவுத்தி, ஒண்ணொண்ணா விரிச்சுப் போட்டு எடுக்கேன்.

லீவு 26 வாரத்துக்குள்ள ‘பொன்னியின் செல்வ’னையும் முடிச்சிருவேன்னியாமே! அது கல்கியில வாரா வாரம் வந்த கதை தாயி. 1950ல ஆரம்பிச்சு 1954லதான் முடிஞ்சது. மொத வாரம் எங்காத்தா மடியில கெடந்த தம்பி, கடைசி வாரம் அந்தத் தாளைக் கிழிச்சுக் கப்பல் விட்டான். நீ என்னடான்னா அஞ்சு பாகத்தையும் தலைமாட்டுல அடுக்கி வச்சு, பிள்ளை கண்ணசந்தா படிக்கவா உறங்கவான்னு பட்டிமன்றம் நடத்துதே. தீர்ப்பு வாறதுக்குள்ள நடுவர் முழிச்சுக்கிடுதாரு.

உறங்கு. ஆடிப்பெருக்குக்கு வீரநாராயண ஏரிக்கரையில குதிரையில வந்த வந்தியத்தேவன், அடுத்த ஆடிக்கும் அங்கனதான் நிப்பான்.

புரட்டாசியில பெத்தே. நம்ம கரிசல்ல பருத்தி ஊண்டுனதும் அப்பத்தான். தையில இவனுக்குத் தலை நிக்கும். மாசியில குப்புற விழுவான். பங்குனி வெயில்ல பருத்தி வெடிக்கையில, இவன் உக்காந்து உன் புஸ்தகத்தோட அட்டையைத் திம்பான். அதுக்கு என்ன செய்யணும்னு எத்தனையாம் பக்கத்துல இருக்குன்னு இப்பவே பாத்து வை.

சரி, அவனை இங்கிட்டுக் குடுத்துட்டுக் கண்ணை மூடு. அந்த ரெண்டாம் பாகத்தையும் குடுத்துட்டுப் படு. அதுல நந்தினி அடுத்து என்ன வேலை பாத்து வச்சிருக்காளோ!