திருப்பூர் இல்லங்களில் வைஃபை நலிவும் பீரோவின் பங்கும்: ஒரு முதனிலை ஆய்வு

திருப்பூரை ஆராய்ந்தவர்களுக்குக் குறைவில்லை. நூல் விலை ஏறியதை ஆராய்ந்தார்கள், டாலர் இறங்கியதை ஆராய்ந்தார்கள், 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற ஆணையை முன்னும் பின்னும் புரட்டினார்கள், நொய்யலை வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து தொடர்ந்து வந்து அளந்தார்கள். இத்தனை பேர் வந்துபோன ஊரில், இரவு ஒன்பது மணிக்கு ஒரு ஜாப் ஒர்க் பில்லை அனுப்ப முடியாமல் சிஸ்டத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவரை ஆராய ஆளில்லை. திரையின் வலது கீழ் மூலையில் விசிறி வடிவக் குறி இருக்கிறது. அதில் ஒரே ஒரு வளைவுக்குத்தான் உயிர் இருக்கிறது. "ஏனுங்க, நெட்டு வருதுங்களா?" என்று சமையலறையிலிருந்து கேள்வி வருகிறது. "வருது, போகுது" என்பது பதில். அறிவுலகம் கண்டுகொள்ளாத இந்த வரவையும் போக்கையும் முறைப்படி விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்வோம். மடிக்கணினி இந்த ஆய்வுக்குள் வராது. சிக்னல் இல்லையென்றால் அதைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடலாம். மேசைக் கணினிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பனியன் தொழிலின் துணைக்கிளைகளான செக்கிங், பவர் டேபிள், காஜா பட்டன் யூனிட்டுகள் பலவற்றின் அலுவலகம், முதலாளியின் வீட்டில் உள்ள ஓர் அறைதான். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் சரக்கு போகவும் ஈ-வே பில் வேண்டும் என்றானது. டைரியிலும் கார்பன் தாளிலும் நடந்துகொண்டிருந்த கணக்கு திரைக்கு வந்தது. டேலி, பிரிண்டர், யுபிஎஸ், தூசி படியாமலிருக்க மேலே ஒரு வேஸ்ட் துணி என்று சிஸ்டம் குடும்ப உறுப்பினர் ஆனது. எந்த உறுப்பினருக்கு எந்த அறை என்பதில்தான் நம் பிரச்சினையின் வேர் இருக்கிறது.

சிக்னல் வராவிட்டால் ஊர் முதலில் குற்றம்சாட்டுவது மோடத்தை. அடுத்து நெட் கொடுத்தவரை. இரண்டும் அவசரத் தீர்ப்புகள். நலிவு மோடத்தில் பிறப்பதில்லை, கணினியின் முதுகில் பிறக்கிறது. வீட்டின் கன்னி மூலையில் வளர்கிறது. இதுவே நம் துணிபு. முதற்சான்று எளிமையானது. சிஸ்டம் தடுமாறும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே வைஃபையில், போனில் ஒரு படம் ஓட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் தடங்கலின்றி ஓடும். (மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் போன் பிறழ்சாட்சி ஆகிவிடும்.) மோடம் ஒன்று, இடம் ஒன்று, நேரம் ஒன்று, வேறுபடுவது வாங்கும் கருவி மட்டும். காரணத்தையும் அங்கேதான் தேட வேண்டும் என்பது தர்க்க நூல் படிக்காதவருக்கும் விளங்கும்.

முதுகைப் பார்ப்போம். கணினியின் வைஃபை அட்டை, பெட்டியின் பின்பக்கத்தில் சொருகப்பட்டிருக்கிறது. அதன் இரு குட்டி ஆன்டெனாக்களும் சுவரைப் பார்த்திருக்கின்றன. பெட்டி மேசைக்கடியில். முன்னால் இரும்புத் தகடு, பின்னால் சுவர், சுற்றிலும் ஒயர்க் காடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். காற்றோட்டத்துக்காகப் பெட்டியில் போட்டிருக்கும் துளைகள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. காற்றுக்கு அவை கதவு, அலைக்கு அவை சுவர். ஜகதீச சந்திர போஸ் 1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில் கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணியடிக்க வைத்தார். அங்கே அவற்றின் வழியில் கோத்ரேஜ் பீரோ எதுவும் நிற்கவில்லை. செங்கல்லும் சிமெண்டும் அலையை மெலிவிக்கும். இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஆன்டெனாவை எப்படி வைப்பது என்பதும் பொருட்டானதே. குச்சி ஆன்டெனாவின் வீச்சு உளுந்து வடை வடிவில் பரவுகிறது, குச்சி அந்த வடையின் ஓட்டையில் நிற்கிறது. ஆகவே குச்சியின் நுனியை மோடத்தை நோக்கி ஈட்டிபோல் நீட்டுகிறவர், வடையை விட்டுவிட்டு ஓட்டையைப் பரிமாறுகிறார். யுஎஸ்பி டாங்கிள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சல் கிளப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் அறிக்கையில் எழுதிவைத்தது. பின்பக்கத்து நீலத் துளையில் டாங்கிளையும், பக்கத்துத் துளையில் டிசைன் ஃபைல்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் சொருகிவிட்டு மோடத்தைத் திட்டுவது, சாட்சியைக் கைது செய்யும் காரியம்.

இனிக் கன்னி மூலை, அதாவது தென்மேற்கு. கொங்கு நாட்டில் பீரோ தென்மேற்கில் நிற்க வேண்டும், அதன் கதவு வடக்கே பார்த்துத் திறக்க வேண்டும் என்பதில் பொறியாளருக்கும் மேஸ்திரிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பீரோவில் நகை இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, பில் புத்தகங்களும் இருக்கின்றன. பில் இருக்கும் அறையில் கணக்கு, கணக்கு இருக்கும் அறையில் சிஸ்டம். இப்படித்தான் கணினி தென்மேற்குக்குக் குடிபோனது. ஃபைபர் ஒயரோ தெருவிலிருந்து வருகிறது. கிழக்குப் பார்த்த வீடென்றால் வாசல் பக்கம் நுழைந்து, பூஜை அலமாரியை ஒட்டி வடகிழக்கு மூலையான ஈசானியத்தில் முடிந்துபோகிறது. ஒயர் முடியும் இடத்தில் மோடத்தை மாட்டிவிட்டு ஃபைபர்காரர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். முப்பதுக்கு நாற்பது மனையில் ஈசானியத்துக்கும் கன்னி மூலைக்கும் நடுவே மூலைவிட்டம் ஐம்பது அடி. அந்த மனையில் இதைவிட நீளமான நேர்க்கோடு கிடையாது. இருக்கும் கோடுகளில் மிக நீளமானதைத் தேர்ந்தெடுத்து, அதன் இரு முனைகளில் மோடத்தையும் கணினியையும் வைத்திருக்கிறோம். அதோடு முடியவில்லை. சாய்வாகப் போகும் அலை சுவரையும் சாய்வாகக் கடக்கிறது: ஒன்பது அங்குலச் சுவரை 45 பாகையில் கடந்தால் அலைக்கு அது ஏறக்குறைய பதின்மூன்று அங்குலச் சுவர். வெற்றிடத்திலேயே தொலைவு இரட்டிப்பானால் வலிமை கால் பங்காகிவிடும். இங்கே வழியில் சுவர், சுவருக்குப் பின் பீரோ, பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடியின் முதுகில் வெள்ளிப் பூச்சு. அலை எந்த நிலையில் வந்து சேரும் என்று கேட்க வேண்டியதில்லை.

மேற்குப் பார்த்த வீட்டில் ஒயர் மேற்கே நுழையுமே, மூலைவிட்டம் குறையுமே எனின், குறையும். ஆனால் தொலைவுதான் குறையும். பீரோவும் குறையாது, முதுகும் திரும்பாது. கீழே பவர் டேபிள், மேலே குடியிருப்பு என்ற வீட்டில் மோடம் கீழே இருந்தால், நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் கணக்கில் சேரும். அனுப்பர்பாளையத்தில் வீடு இருந்தாலோ, பரணில் அடுக்கிய பித்தளை அண்டாக்களும் செம்புப் பானைகளும் தத்தம் பங்குக்கு அலைகளை வந்த திக்குக்கே அனுப்பும். பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊரில் இதைக் குறையென்று சொல்வது நாகரிகமல்ல.

இனி மறுப்புகள். வீடு நிறையப் பனியன் பண்டல் கிடக்கிறதே, அதுதான் சிக்னலைக் குடிக்கிறது என்பது இவ்வட்டாரத்துக்கே உரிய கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் துணி நிரபராதி. உலர்ந்த பருத்திப் பின்னலாடையில் பெரும்பகுதி காற்று, மின்சாரம் கடத்தாது. பருத்தி தன் உலர் எடையில் சுமார் எட்டரை சதவீத ஈரத்தை இயல்பாகவே வைத்திருக்கும் என்பது நூல் வாங்கி விற்கிறவர்கள் அறிந்ததே. அந்த ஈரத்தால் சிறு இழப்பு உண்டு, அவ்வளவுதான். சாயப்பட்டறையிலிருந்து ஈரமாக வந்த துணியைச் சுவர் உயரத்துக்கு அடுக்கினால் கதை வேறு, ஏனெனில் தண்ணீர் இந்த அலையை நன்றாகவே விழுங்கும். ஆனால் ஈரத் துணியைப் படுக்கையறையில் அடுக்கும் குடும்பத்துக்கு வைஃபையைவிட அவசரமான பிரச்சினைகள் இருக்கும்.

அக்கம்பக்கத்து வைஃபைகள் குறுக்கிடுகின்றன என்னும் மறுப்பில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமலே பயன்படுத்த அனுமதித்தது. அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். நெருக்கமான லைன் வீடுகளில் இருபது மோடங்கள் இந்த மூன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு எல்லோரும் வீடு திரும்பி போனைக் கையில் எடுக்கும்போது, சேனல்களில் சனிக்கிழமை சாயங்காலத்துக் காதர்பேட்டைக் கடைவீதி நெரிசல் தெரியும். ஆனாலும் இது நம் துணிபை உடைக்கவில்லை. நெரிசலில் முதலில் காணாமல் போவது மெலிந்த குரல்தான். குரலை மெலிய வைத்தது முதுகும் மூலையும். 2018 அக்டோபரில் விரிவாகத் திறந்துவிடப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம், ஆனால் அந்த அலை சுவர்களில் இன்னும் சீக்கிரம் களைத்துப்போகும். மூலைவிட்டப் பயணத்துக்கு அது உதவாது.

ஆறு கொம்பு முளைத்த புது மோடம் வாங்குவோர் ஒரு தனிப் பள்ளி. பேச்சு இருவழி என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். மோடம் எவ்வளவு உரக்கக் கூவினாலும், மேசைக்கடியில் சுவரைப் பார்த்து முணுமுணுக்கும் கணினியின் பதில் அதன் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் உரையாடல் கிடையாது. கொம்பு கூடியதால் குறியில் வளைவுகள் கூடும், பில் மட்டும் போகாது. ரிப்பீட்டர் பள்ளியும் இதே வகைதான். சிக்னல் இல்லாத இடத்தில், அதாவது கணினிக்குப் பக்கத்திலேயே அதைச் சொருகுகிறார்கள். இல்லாததைத் திருப்பிச் சொல்ல எந்தக் கருவியாலும் முடியாது. பாதி வழியில் வைத்தால் வேலை செய்யும். ஆனால் ஒரே ரேடியோவால் வாங்கவும் கொடுக்கவும் செய்கிற சாதாரண வகை என்றால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அணைத்துப் போடுகிறவர்களின் பள்ளி எல்லாவற்றிலும் தொன்மையானது. அதன் பின்பற்றாளர்களிடம் வாதிட்டுப் பயனில்லை, சில வேளை அவர்கள் ஜெயித்தும் விடுகிறார்கள்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். மாதம் இருபதாம் தேதி இரவு, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலின் கடைசி மணிகளில், தளமே திணறினால் அது வைஃபையின் குற்றமல்ல. கறுப்புத் திரையைத் திறந்து பிங் கட்டளையை மோடத்தின் முகவரிக்கு அனுப்பிப் பார்த்தால் (பல வீடுகளில் அது 192.168.1.1) உண்மை வெளிப்படும். பதில் ஓரிரு மில்லிசெகண்டில் சீராக வந்தால் வீட்டுக்குள் எல்லாம் நலம். நூறு, முந்நூறு என்று தாவினால், இடையிடையே பதிலே வராவிட்டால், நோய் வீட்டுக்குள்தான். வலிமையைக் காட்டும் செயலிகளில் மைனஸ் 50 என்றால் வளமை, மைனஸ் 67 வரை தாக்குப்பிடிக்கலாம், மைனஸ் 80 என்றால் டைரியையும் கார்பன் தாளையும் தேடி எடுக்கலாம். இந்த அளவையில் மூன்று எண் இறங்கினால் வலிமை பாதியாகிவிட்டது என்று பொருள். ஆகவே எண் சிறிதாகத்தானே மாறியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாகாது.

மருத்துவம் நோய் பிறந்த இடத்திலேயே தொடங்க வேண்டும். டாங்கிள் என்றால் ஒன்றிரண்டு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் மாட்டி, மேசைக்கு மேலே, மோடத்தின் திசை தெரியும்படி வைக்கலாம். அட்டை என்றால் ஒயரோடு வரும் காந்த அடி ஆன்டெனா கடைகளில் கிடைக்கிறது. அதன் காந்தம் பீரோவின் உச்சியில் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். குற்றவாளியே காவலாளி ஆவதில் ஆய்வாளருக்கு ஆட்சேபமில்லை. மோடத்தை ஈசானியத்திலிருந்து கூடத்தின் நடுவுக்கு நகர்த்த முடிந்தால் மூலைவிட்டம் பாதியாகும்.

ஆனால் தர்க்கத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறவர் வேறோர் இடத்தில்தான் போய் நிற்பார். கம்பியில்லா இணைப்பு நடமாடும் பொருளுக்காக உண்டானது. கன்னி மூலையில் பிரதிஷ்டை செய்யப்பட்டு, வெள்ளையடிக்கும்போதுகூட இடம் பெயராத ஒரு பெட்டி எதற்காக நடமாடும் வசதியைக் கேட்கிறது? மோடத்தின் பின்பக்கத்தில் ஒயர் சொருகும் துளைகள் வெறுமனே கிடக்கின்றன. கணினியிலும் ஒன்று கிடக்கிறது. கேட் 6 ஒயர் நூறு மீட்டர் வரை தளராது, அதற்கு நம் மூலைவிட்டம் எந்த மூலைக்கு? "வைஃபை வாங்கிட்டு ஒயரு இழுக்கறதுங்களா?" என்ற எதிர்ப்பு கௌரவத்தைச் சேர்ந்தது, இயற்பியலைச் சேர்ந்ததல்ல. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்ற எதிர்ப்புக்கு வலு உண்டு; ஆனால் நிலைக்கும் கதவுக்கும் நடுவே தட்டை ஒயர் போகும், தரையோரமாகக் கிளிப் அடித்துக்கொண்டே போகலாம். எஞ்சுவது ஒரே எதிர்ப்பு: ஒயர் போக வேண்டிய கடைசி நான்கு அடியில் பீரோ நிற்கிறது, அதை நகர்த்த நான்கு ஆளும் ஒரு நல்ல நாளும் வேண்டும். வேண்டியதில்லை. பீரோவின் அடித்தகடு தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கிறது. ஒயரின் தடிமன் ஆறு மில்லிமீட்டர். ஒட்டடைக் குச்சியின் நுனியில் கட்டித் தள்ளினால் மறுபக்கம் வந்துவிடும்.