சங்கு பிசகலாம், சாட்டிலைட் பிசகலாமா?

கேள்வி: எங்கள் கம்பெனி சங்கு ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ஊதினாலும் வேலை நடக்கிறது. செயற்கைக்கோளுக்கு மட்டும் எதற்கு அணுக் கடிகாரம்?
– ஷூ கம்பெனி வாசகர், ஆம்பூர்

பதில்: வழிகாட்டும் செயற்கைக்கோள் உங்கள் போனுக்கு அனுப்புவது வழியை அல்ல, தான் இருக்கும் இடத்தையும் மணியையும்தான். சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது போனின் வேலை. சிக்னல் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எனவே கடிகாரம் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரத்தில் 300 மீட்டர் பிழை. ஆம்பூர் பைபாஸில் 300 மீட்டர் தள்ளிப் போனால் வேறு பிரியாணிக் கடை; வீட்டில் யார் பதில் சொல்வது?

கடிகாரத்தில் துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் மெல்ல மெல்லத் தடம் மாறும். அணுக் கடிகாரத்தில் இருக்கும் ருபீடியம் அணுவோ கறாரான மேஸ்திரி. நொடிக்குச் சுமார் 683 கோடி முறை துடிக்கும் மைக்ரோ அலைக்கு மட்டுமே மசியும். அதை வைத்துக் கடிகாரமே படிகத்தைத் தொடர்ந்து திருத்திக்கொள்ளும்.

2013-ல் ஏவிய நமது வழிகாட்டிச் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ-வில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் இறக்குமதிச் சரக்கு. மூன்றும் பழுதாயின. பிறகு இஸ்ரோவின் அகமதாபாத் மையம் சொந்தமாகவே ஒன்றை உருவாக்கியது. 2023 மே 29-ல் என்விஎஸ்-01 செயற்கைக்கோள் அதைச் சுமந்துகொண்டு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது.

அந்தப் பழைய கடிகாரங்கள் வந்தது ஐரோப்பாவிலிருந்து. உங்கள் ஷூ போவதும் அங்கேதான். அவர்கள் கொடுத்தது நின்றுவிட்டது. நீங்கள் கொடுத்தது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது!