எத்தனையாவது சந்தை?

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு களைகட்டும், செவ்வாயோடு முடியும். தொண்ணூறுகளில் நான் கணக்கு எழுதப் பழகிய மொத்தக் கடையில் வாரத்துக்கு அதுதான் எல்லை: புதனில் தொடங்கி அடுத்த செவ்வாய் முடிய. கடை எடுத்துவைத்த பிறகுதான் கணக்குப்பிள்ளை கூட்ட உட்காருவார். லுங்கி, துண்டு, நைட்டி, போர்வை என்று தனித்தனியாகக் கூட்டி, மொத்தத்தைப் பேரேட்டில் ஏற்றுவார். தேதியும் எழுதுவார். அதற்கு மேலே கொஞ்சம் பெரிய எழுத்தில், ‘தீபாவளிக்கு மூணாஞ் சந்தை’ என்று இருக்கும். போன வருஷத்தோடு ஒப்பிட அவர் விரல் தேடிப் போவது அந்த வரியைத்தான். “தேதியப் பாக்காதீங்க தம்பி, எத்தனையாவது சந்தைன்னு பாருங்க” என்பார்.

இன்று அதே தொழிலில் பவர் பிஐ ரிப்போர்ட் ஓடுகிறது. எந்த ரகம், எந்த அளவு, எந்த ஊர் வியாபாரி எடுத்தது என்று திரையில் கேட்ட மாத்திரத்தில் பிரித்துப் பார்க்கலாம். கணக்குப்பிள்ளை இரவெல்லாம் உட்கார்ந்தாலும் அது முடிந்திருக்காது. இந்த வசதியை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூட்டலிலும் பிசகில்லை. எது வாரம் என்பதில்தான் எல்லாம் கெடுகிறது.

எக்செலின் ‘வீக்நம்’ ஃபார்முலாவை அப்படியே போட்டால் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். ஜனவரி 1 எந்தக் கிழமையில் வந்தாலும் 1-வது வாரம் அன்றே பிறந்துவிடும். அதனால் 2024 டிசம்பர் 29, 30, 31 மூன்று நாளும் 53-வது வாரமாகின. மிச்ச நான்கு நாள் 2025-இன் 1-வது வாரமாயிற்று. ஒரே வாரத்தின் வியாபாரம் இரண்டு துண்டாகி, வரைபடத்தில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள் விழும். ஐஎஸ்ஓ 8601 முறை இதைவிட மேல். திங்களில் தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் எதில் வருகிறதோ அதுவே 1-வது வாரம். எந்த வாரமும் உடையாது. ஆனால் 52 வாரம் என்றால் 364 நாள்தானே? மிச்சம் சேர்ந்து சேர்ந்து, சில ஆண்டுகளுக்கு 53 வாரம் வந்துவிடும். 2020-இல் வந்தது, 2026-இலும் உண்டு. அந்த 53-வது வாரத்துக்கு 2025-இல் ஜோடி கிடையாது.

இவற்றை ஃபார்முலாவால் சரிக்கட்டலாம். தீபாவளியை முடியாது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. ஐஎஸ்ஓ கணக்கில் 44-வது வாரம். 2025-இல் அக்டோபர் 20-ஆம் தேதியே வந்துவிட்டது. அந்த ஆண்டின் 44-வது வாரம் பண்டிகை முடிந்து கடைகள் காற்றாடும் வாரம். எண்ணுக்கு எண் ஒப்பிட்டால் திரை முழுக்கச் சிவப்பு அம்பு. அதைப் பார்த்து முதலாளி விற்பனைப் பையன்களைக் கடிந்துகொள்வதும், நல்ல சரக்கின் கொள்முதலை நிறுத்துவதும் நடக்கிற காரியங்கள். புதன் காலை, பாதி வாரத்தை முழு வாரத்தோடு வைத்து அதே அம்பைக் காட்டுகிற ரிப்போர்ட்டுகளும் உண்டு. சந்தை கலையாமல் கணக்குப்பிள்ளை பேனாவைத் தொட்டதே இல்லை.

இதற்கு வழி, ரிப்போர்ட்டில் தனியாக ஒரு காலண்டர் டேபிள் வைப்பதுதான். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அது எந்தச் சந்தை வாரம், தீபாவளிக்கு எத்தனையாவது சந்தை, பொங்கலுக்கு எத்தனையாவது என்று பதிந்துவிட வேண்டும். மென்பொருள் தானாக இதைத் தராது. வருஷா வருஷம் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஓர் ஆள் நிரப்பியாக வேண்டும். கேட்டு வருகிற எல்லோரையும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு முந்தைய கடைசிச் சந்தை 3-ஆம் தேதி செவ்வாய். 2023-இலும் தீபாவளி ஞாயிற்றுக்கிழமைதான், நவம்பர் 12. கடைசிச் சந்தை 7-ஆம் தேதி. இரண்டிலும் சந்தை முடிந்து பண்டிகைக்கு ஐந்து நாள். ஆகவே 2026-ஐ எடைபோட 2025-ஐ மட்டும் எடுக்காதீர்கள், 2023-இன் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள்.